குடியிருப்பவரின் சம்மதத்தோடு

சட்டையில் மாட்டும் கமரா இனி எல்லாப் பொலிஸ் நிலையங்களுக்கும் வரப்போகிறதாம். பதுளையில் இளம் கொன்ஸ்டபிள்களுக்கு அதைப் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். ஓய்வு பெற்ற சார்ஜன்ட் ஒருவர் இதை முன்பே மாட்டித் திரிந்தவர் என்று யாரோ என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் பேசினால் போதும் என்று கூப்பிட்டார்கள். கமராவைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் அரை மணி நேரத்தில் விடுவேனா? அவர்களுடைய தேநீர் நேரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அப்போதும் பாதிதான் சொல்லியிருந்தேன். வெளியே வரும்போது ஒரு பெண் கொன்ஸ்டபிள் வழிமறித்து, "மிச்சத்த எழுதிக் குடுங்க சார்ஜன்ட், பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவருடைய தூக்கத்துக்காக இதை எழுதுகிறேன்.

நான் லுணுகலைப் பக்கத்து லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பேர் தங்கவேல். அப்பாவும் அம்மாவும் கொழுந்து மலையில் வேலை. பொலிஸுக்கு விண்ணப்பம் போட்டபோது எங்கள் லயத்தில் யாரும் நம்பவில்லை. எடுத்தார்கள் என்றபோது யாரும் என்னிடம் பழையபடி பேசவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிங்களத்தில் கட்டளை, சிங்களத்தில் திட்டு. இரண்டுக்கும் விறைப்பாக நின்று "சேர்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நான் செய்த வேலையை ஒரே சொல்லில் சொல்லலாம். வாய். தமிழில் முறைப்பாடு சொல்ல வருகிறவர்களுக்கு நிலையத்தில் நான்தான் வாய். அவர்கள் தமிழில் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்வேன், எழுத்து வேலை பார்ப்பவர் எழுதுவார், எழுதியதை நான் மறுபடி தமிழில் வாசித்துக் காட்டுவேன், அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். ஒழுங்கான முறைதான். ஆனால் ஒரு தாய் வந்து, "எம் மகள வாழாவெட்டின்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாங்கய்யா, அந்த எடத்துலயே எனக்கு உசிரு போயிருக்கலாம்" என்று மார்பில் அடித்துக்கொண்டு சொல்லுவார். எழுதி முடிந்ததும் அது "தகாத வார்த்தைகளால் ஏசினார்" என்று ஆகியிருக்கும். அதை நான் அந்தத் தாய்க்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அவர் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும், ஆனாலும் என்ன செய்வது, அடுத்த ஆள் காத்திருப்பார்.

ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. அப்போதுதான் எங்கள் நிலையத்துக்குப் பரீட்சார்த்தமாக இரண்டு கமராக்கள் வந்தன. சவர்க்காரக் கட்டி அளவு, கறுப்பு நிறம், நடுவில் ஒரு கண், மேலே ஒரு சிவப்பு விளக்கு. இளசுகள் எல்லாம் பின்னால் நழுவினார்கள். வாயைத் திறந்தால் பதிவாகுமாம், கையை நீட்டினால் பதிவாகுமாம், யாருக்கு வேண்டும் இந்த வம்பு என்று முணுமுணுத்தார்கள். நான் முதலில் கையைத் தூக்கினேன். ஏன் தெரியுமா? பேசுகிறவருடைய சொந்தக் குரலும் சொந்தப் பேச்சும் அப்படியே உள்ளே போகும் என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துடிப்பு. வாழாவெட்டி என்றால் வாழாவெட்டி என்றே இருக்கும்.

எங்கள் பொறுப்பதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இன்ஸ்பெக்டர் ஜயவீர என்று வைத்துக்கொள்வோம். பனைமரம் மாதிரி உயரம், ஒல்லி, குரலை உயர்த்தவே மாட்டார். கட்டளை கொடுத்தால், கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் தவறினாலும் கோபிக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மஞ்சள் துணியால் துடைப்பார், மாட்டுவார், மறுபடி முதலிலிருந்து சொல்லுவார். திட்டு வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்தத் துடைப்புக்குப் பயந்தே எங்கள் நிலையத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தோம்.

கமராவோடு வந்த விதிகளை அவர் வேதமாக எடுத்துக்கொண்டார். கமராவைப் போடும்போது யார், எங்கே, எதற்காக என்று சொல்லிவிட்டுப் போட வேண்டும். எதிரில் இருப்பவரிடம் பதிவாகிறது என்று அவருக்கு விளங்கும் பாஷையில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பதிவு செய்வதானால் அங்கே குடியிருப்பவரிடம் சம்மதம் கேட்டு, அந்தச் சம்மதத்தையும் பதிவு செய்ய வேண்டும். நிறுத்துவதானால், ஏன் நிறுத்துகிறோம், யார் நிறுத்தச் சொன்னது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு படங்கள் தானாக அழிந்துவிடும். பின்னால் தேவைப்படும் என்று அதிகாரி குறியிட்டால் மட்டும் அழியாது. இவ்வளவையும் நான் அவருக்குச் சிங்களத்தில் ஒரு முறை, எனக்கே தமிழில் ஒரு முறை என்று ஒப்பித்தேன்.

பிறகு ஒத்திகை. பொறுப்பதிகாரியே குடிகாரனாக நடித்தார். அந்த மனிதர் தள்ளாடிக்கொண்டு வந்து, கோழியைத் திருடியது தான் இல்லை என்று மெல்லிய குரலில் இலக்கணச் சுத்தமாக வாதாடிய அழகை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் விசாரித்தேன். பதிவைப் போட்டுப் பார்த்தால் படம் முழுக்க என் சட்டைக் கை. யாருடன் பேசினாலும் நான் கையை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கிறவன். என்னைப் பற்றி எனக்கே தெரியாத விஷயம் அது. அவர் கண்ணாடியைத் துடைத்தார். "தங்கவேல், நீர் கை கட்டினால் மக்கள் உம்மிடம் பேச வேண்டியதை உம் கையிடம் பேசுகிறார்கள்" என்றார். அதிலிருந்து கையைத் தொங்கவிட்டுப் பழகினேன். ஆரம்பத்தில் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

வெளியே போனபோது நடந்த வேடிக்கைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஸ்பிரிங்வெளியில் ஒரு லயத்தில் அண்ணன் தம்பிக்குள் சண்டை, கத்தி தூக்கிவிட்டார்கள் என்று ஓடினோம். நான் விளக்கைப் போட்டு, "இது பதிவாகுது, தெரிஞ்சுக்குங்க" என்றேன். அண்ணன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். ஓடிவிட்டார் என்று நினைத்தோம். தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்று, "இப்ப கேளுங்க ராலாமி" என்றார். எங்கள் பக்கம் பொலிஸ்காரர்களை ராலாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் பார்த்துத் தம்பியும் முகம் கழுவப் போய்விட்டார். இருவரும் திரும்பி வரும்போது பாதிக் கோபம் போயிருந்தது. அவர்களுடைய தாயார், "ராலாமி, இதே ஒடுப்புல அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் புடிச்சிருங்க, கல்யாணத்துக்கு அப்புறம் சேந்து நின்னதே இல்ல" என்று கெஞ்சினார். பதுளை பசாரில் எனக்கு வழக்கமாகப் பிளேன்டீ கொடுக்கும் கடைக்கார முஸ்லிம் நானா, "சார்ஜன்ட், ஒங்கட நெஞ்சில ஈக்கிற கண்ண மூடிட்டு வாங்க, நீங்க எத்தின சீனி போடுறீங்கண்டு அரசாங்கத்துக்குத் தெரிய வேணுமா?" என்பார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். வகுப்பில் இந்த இடத்துக்கு வருவதற்குள்தான் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

பதுளையிலிருந்து மேலே போகும் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். நாள் கணக்கில் விடாத மழை. மண்சரிவு அபாயம், ஆட்களை வெளியேற்றுங்கள் என்று சிவப்பு அறிவித்தல் வந்துவிட்டது. மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மலை ஊற்றிலிருந்து பீலியில் வரும் குடிதண்ணீர் காவி நிறமாகிவிட்டது. மலை நாட்டில் பிறந்தவனுக்கு அந்த நிறத்தின் அர்த்தம் தெரியும். மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்துபோனதைக் கேட்டு அழுத வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ. காலையில் கிராம சேவகரும் தோட்டத்து ஆட்களும் போய்ப் பேசி, கீழ் லயத்தாரைத் தோட்டப் பாடசாலைக்கு இறக்கிவிட்டார்கள். மேல் லயத்தார் பிள்ளைகளையும் முதியவர்களையும் அனுப்பிவிட்டுத் தாங்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். மத்தியானம் எங்களுக்குத் தகவல் வந்தது.

பொறுப்பதிகாரி, நான், இரண்டு கொன்ஸ்டபிள்கள் ஜீப்பில் போனோம். பாதை உடைந்த இடத்தில் இறங்கி நடந்தோம். அவர் ஒரே கட்டளைதான் கொடுத்தார்: இருட்டுவதற்குள் எல்லோரும் கீழே இருக்க வேண்டும், யார் மேலும் கை படக்கூடாது. நான் திருப்பிச் சொன்னேன். இது எப்படி நடக்கப்போகிறது என்றுதான் தெரியவில்லை.

பழைய லயம். தகரக் கூரை, காற்றுக்குப் பறக்காமல் மேலே கல் வைத்திருக்கிறார்கள். முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் பெண்களும் ஆண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். நான் கமராவைப் போட்டேன். பெயர், இடம், காரணம் எல்லாம் சொன்னேன். "இது பதிவாகுதுங்க" என்றேன். யாரும் தலை சீவப் போகவில்லை.

லயத்தில் ஒரு குடும்பத்து வீட்டைக் காம்பரா என்பார்கள்; கடைசிக் காம்பராவில் இருந்த பெண் எழுந்து வந்தார். பெயர் சரோஜா. புருஷன் கொழும்பில் கடையில் வேலை. இவர் லயத்துக்குப் பக்கத்தில் கரட்டும் லீக்ஸும் போட்டு வாரச் சந்தைக்கு அனுப்புகிறார். ஒரே மகள், காலையிலேயே பாடசாலைக்கு இறக்கிவிட்டார். எல்லோருக்கும் சேர்த்து அவர்தான் பேசினார்.

"ராலாமி, ஒங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா நாங்க எறங்க மாட்டோம்."

"மல வருதும்மா. பீலித் தண்ணியப் பாத்தியா?"

"பாக்காம இருப்போமா? நாங்கதானே குடிக்கிறோம்."

"அப்பறம் என்னா?"

அவர் லயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "கீழ் லயத்து ஆளுங்க பேரு ஆபீசுல இருக்கு. கொழுந்து எடுக்குறாங்க, பேரு பதிஞ்சிருக்கு. அவங்க எங்க போனாலும் இன்ன காம்பராக்காரங்கன்னு தெரியும். எங்கள்ல பாதிப் பேருக்குப் பேரு இல்ல. எங்க காம்பரா எங்க மாமனாரு பேருல. அவரு செத்து எத்தன வருஷம் ஆச்சு. நான் தோட்டத்துல வேல செய்யல, அதனால நான் அங்க இல்லாத ஆளு. பக்கத்து டிவிஷன்ல லயம் எரிஞ்சப்ப என்ன நடந்துச்சு? பேரு இருந்தவங்களுக்கு வீடு. எஞ் சின்னம்மாவுக்குப் பேரு இல்ல, இன்னமும் அக்கா வீட்டுக் குசினியில படுக்குறாங்க. நான் இப்ப எறங்கி, மல வந்து காம்பராவ மூடிட்டுப் போயிருச்சுன்னா, இங்க நான் குடியிருந்தேன்னு யாரு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

லயத்துக் காம்பராவுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, உறுதிப் பத்திரம் கிடையாது. கடிதமே தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். நானும் அப்படியொரு காம்பராவில் பிறந்தவன்தான். பழக்க தோஷத்தில் கையைக் கட்டப் போய், கமரா ஞாபகம் வந்து தொங்கவிட்டேன். அவருடைய பார்வை அந்தச் சிவப்பு விளக்கில் விழுந்தது.

"அது என்னா செய்யுது?"

"நீ பேசுறது, நான் பேசுறது எல்லாத்தையும் புடிக்குது."

"எதுக்கு?"

"நாங்க ஒழுங்கா நடந்துக்குறோமான்னு பாக்க. நாளைக்கு யாராச்சும் பொலிஸ் அடிச்சாங்கன்னு சொன்னா போட்டுப் பாப்பாங்க."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்படின்னா என்னையப் புடிங்க. எங் காம்பராவையும் புடிங்க. இங்க நான் இருந்தேன்னு அது சொல்லட்டும். பொறகு நான் எறங்குறேன்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் நிலையத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொலிஸைக் கண்காணிக்க வந்த சாமானைத் தன் வீட்டுக்குச் சாட்சியாக நிறுத்த அந்தப் பெண்ணுக்குத்தான் தோன்றியது.

ஆனால் செய்யலாமா? கமரா பொலிஸ் வேலைக்கு. யாரோ ஒருவர் வீட்டைப் படம் பிடித்துக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. வானொலிக் கருவியில் பேசிக்கொண்டிருந்த பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டேன். மேலே ஏறி வந்தார். நான் சிங்களத்தில் விளக்கினேன். அவர் சரோஜாவைப் பார்த்து, "அவர் சொன்னதை அவரையே மறுபடி சொல்லச் சொல்லும்" என்றார். சரோஜா ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். எங்கள் நிலையத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் ஒப்பித்தது கிடையாது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மஞ்சள் துணி நனைந்திருந்தது, ஆனாலும் துடைத்தார். நான் மலையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். மனிதா, இதற்கா நேரம் என்று கத்தலாம் போல் இருந்தது. மெதுவாக மாட்டிக்கொண்டு சொன்னார்: "வெளியேற்றுவது பொலிஸ் வேலை. உள்ளே யாரும் தங்கிவிட்டார்களா என்று ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பார்ப்பது அதில் அடங்கும். வீட்டுக்குள் போனால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய என்ன வேண்டும், தங்கவேல்?"

"குடியிருப்பவருடைய சம்மதம், சேர்."

"அப்படியானால் கேளும். முதலில், அது யாருடைய வீடு என்று கேளும்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது. வீட்டைப் பற்றி யாரிடமும் எந்தத் தீர்ப்பும் அவர் சொல்லவில்லை. விதியில் உள்ள ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை அரசாங்க உடுப்பில் இருக்கிற ஒருவன் அந்த வாசலில் நின்று அதுவரை கேட்டதே இல்லை.

நான் சரோஜாவின் வாசலில் நேராக நின்றேன். நான் குள்ளம், கமரா அவர் முகத்துக்குச் சரியாக இருந்தது. "நான் பொலிஸ் சார்ஜன்ட் தங்கவேல். உள்ள யாரும் இருக்காங்களான்னு பாக்கப் போறேன். இது யாரு வீடு?"

"ராமையா வீடுங்க."

"ராமையா எங்க?"

"செத்துட்டாருங்க. எங்க மாமனாரு."

"இப்ப இது யாரு வீடு?"

"ராமையா காம்பராதாங்க. ஆபீசுல அப்படித்தான்."

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் அத்தனை தெளிவாக வாதாடிய பெண், கேள்வி என்று கேட்டதும் செத்தவர் பேரைச் சொல்கிறார். தோட்டத்தில் அப்படித்தான் பழக்கம். யார் கேட்டாலும் பதிவில் உள்ள பேரைத்தான் சொல்வார்கள். தன் பேரைச் சொன்னால் வம்பு வரும். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஆபீச விடு. நான் ஆபீசு இல்ல. இந்த வீட்டுல அடுப்பு மூட்டுறது யாரு? கதவப் பூட்டுறது யாரு? நான் உள்ள போகணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

சரோஜா என்னைப் பார்க்கவில்லை. நேரே அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார். "எங்கிட்ட கேக்கணும்" என்றார். பிறகு கொஞ்சம் உரக்க: "எம் பேரு சரோஜா. இது எங்க வீடு. நானும் எம் மகளும் எம் புருஷனும் இருக்குறோம். உள்ள வாங்க."

நான் உள்ளே போனேன். மின்சாரம் இல்லை, இருட்டு. கொன்ஸ்டபிள் டோர்ச் அடித்தார். முன்னறை, பின்னால் குசினி, ஆள் இல்லை. சரோஜா மகளின் பாடசாலைப் பையையும் ஒரு துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் வெளியே வருவதற்குள் பக்கத்துக் காம்பராக்காரர் தன் வாசலில் தயாராக நின்றார். "ராலாமி, இங்க வாங்க. கேளுங்க. எங்கிட்ட கேளுங்க." அடுத்த வாசலில், காலையில் மற்ற முதியவர்களோடு போக மறுத்த ஒரு கிழவி. அதற்கு அடுத்ததில் புதிதாகக் கல்யாணமான இருவர். இஸ்தோப்பில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவரவர் வாசலுக்கு ஓடினார்கள். நான் வாசலுக்கு வாசல் ஓடினேன். யார் வீடு? எம் பேரு இது, இது எங்க வீடு, உள்ள வாங்க. யார் வீடு? எங்க வீடு, வாங்க. என் வாழ்க்கையில் இத்தனை வீட்டுக்குள் இத்தனை மரியாதையாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை. மழையில் நனைந்து, மூச்சு வாங்கி, மலை எந்த நேரம் வருமோ என்று முதுகு கூசிக்கொண்டே நான் சந்தோஷத்தில் திணறினேன்.

நடுவில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்து சேர்ந்தார். இளைஞர், சேறு புரண்ட சப்பாத்து, காலையிலிருந்து அலைந்து களைத்த முகம். நடப்பதைப் பார்த்ததும் திகைத்துவிட்டார். "சார்ஜன்ட், ஆட்களை இறக்கத்தானே வந்தீர்கள்? காம்பரா யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்க உங்களுக்கு என்ன வேலை? அதை நிறுத்துங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

பொறுப்பதிகாரி அவர் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கமான மெல்லிய குரல். "நிறுத்தலாம். ஆனால் நிறுத்துவதானால் யார் சொல்லி, என்ன காரணத்துக்காக நிறுத்துகிறோம் என்று பதிவில் இருக்க வேண்டும். அது விதி. தயவுசெய்து இப்படித் திரும்பி, உங்கள் பெயரையும் காரணத்தையும் சொல்லுங்கள்."

நான் பணிவாக நெஞ்சைத் துரை பக்கம் திருப்பினேன். சிவப்பு விளக்கு அவரைப் பார்த்தது. அவர் விளக்கைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், கடைசியில் மலையைப் பார்த்தார். பாவம், கெட்ட மனிதர் இல்லை. "நான் கீழே போய் லொறியை அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னபடியே அனுப்பினார். கொன்ஸ்டபிள்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்கள்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் மேல் லயம் வெறுமையாகிவிட்டது. ஒருவர் மேலும் கை படவில்லை. கடைசியாக இறங்கியவர் சரோஜா.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்துக்கு மலை வந்தது. பாடசாலை வரைக்கும் சத்தம் கேட்டது என்றார்கள். நாங்கள் போனபோது கடைசிக் காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு பிடுங்கி வந்த தேயிலைச் செடிகளும்தான் இருந்தன. சரோஜாவின் கரட் பாத்தியும் இல்லை. செத்தவர் யாரும் இல்லை. நான் சேற்றில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பொறுப்பதிகாரி பார்த்தும் பார்க்காதவர் போல் நின்றார். அன்று நிலையத்துக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, அந்தப் பதிவு அழியாதபடி குறியிட்டது. எனக்குக் காட்டி, "என்ன செய்தேன், சொல்லும்" என்று கேட்டார். சொன்னேன்.

வீடு கொடுப்பதற்கான விசாரணை நடந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி, தோட்ட ஆபீஸ் கிளாக்கர், எங்கள் பொறுப்பதிகாரி, நான், சரோஜா. மேசைமேல் கணினியில் பதிவு ஓடியது. என் குரலை நானே கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "எம் பேரு சரோஜா. இது எங்க வீடு" என்று அறை முழுக்கக் கேட்டது. சரோஜா தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரணை அதிகாரி நியாயமான மனிதர்தான், ஆனால் கேள்வி கேட்பது அவர் வேலை. "பெயரைச் சொல்கிறார், சரி. ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் யார் வேண்டுமானாலும் நின்று அப்படிச் சொல்லியிருக்கலாமே. குடியிருந்ததற்கு இது எப்படிச் சாட்சி?" என்றார். கிளாக்கரும் தலையாட்டினார். பொறுப்பதிகாரியின் கை கண்ணாடிக்குப் போனது.

பதிவு நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. டோர்ச் வெளிச்சம் முன்னறையைத் தாண்டிக் குசினிக்குள் போனது. அடுப்பு எரிகிறது. மேலே பானை, மூடி தடதடவென்று ஆடுகிறது, நுரை பொங்கி வழிகிறது. அன்று நான் ஆளைத்தான் தேடினேன், இதைப் பார்க்கவே இல்லை.

"ஐயோ" என்று சரோஜா எழுந்துவிட்டார். "ஒலைய எறக்காமலே வந்திருக்கேன் பாருங்க. புள்ள ஸ்கூல்ல பசியோட இருக்கும்னு அரிசி போட்டேன். மூட்டையத் தூக்குன அவசரத்துல சோத்த மறந்துட்டேனே." இத்தனை மாதம் கழித்து, அந்தப் பானை மண்ணுக்குள் போய்விட்ட பிறகு, அவர் கை தானாகத் திரைப்பக்கம் நீண்டது.

அவர் சொன்னதை நான் சிங்களத்தில் சொல்லப் போனேன். விசாரணை அதிகாரி வேண்டாம் என்று கையைக் காட்டினார். கிளாக்கரைப் பார்த்து, "வேறு கேள்வி இருக்கிறதா?" என்றார். கிளாக்கர் இல்லை என்றார். அதிகாரி பேனாவை எடுத்து, படிவத்தில் குடியிருப்பவர் என்ற இடத்தில் சரோஜாவின் பெயரை எழுதினார். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தையும் சரோஜாவிடம் கேட்டார்.

எல்லாம் முடிந்து கணினியை மூடப்போனார்கள். சரோஜா அசையவில்லை. "ஐயா, அத இன்னொரு தடவ போடுவீங்களா? எங்ககிட்ட அந்த வீட்டுல எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல" என்றார்.

நான் இதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பொறுப்பதிகாரி எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் போட்டார். "இருங்க அம்மா" என்று தமிழில் சொன்னார். அதிகாரி பதிவை முதலிலிருந்து போட்டார். சரோஜா உட்கார்ந்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, "இது எங்க மாமனாரு கம்பளி, இது மக படிக்கிற மேச, இது அவரு கொழும்புலருந்து வாங்கியாந்த கொடை" என்று எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார்.